கையெழுத்துக்குப் போயிருக்கிறது

முதல் வெடி கேட்டபோது அர்த்தநாரி சிரித்தான். பிற்பாடு போலீஸ், பத்திரிகை, பெண்டாட்டி என்று எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டும் அவன் வாயைத் திறக்காத விஷயங்களில் அதுவும் ஒன்று. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதமாகியும் ஜெயித்தவர்கள் மாலையும் கழுத்துமாகத் தாலுகா ஆபீஸுக்கு வருவதும் வாசலில் சரம் கொளுத்துவதும் நின்றபாடில்லை. அதனால் அவன் பேனாவைக்கூடக் கீழே வைக்காமல், "இவுங்களுக்கு இன்னும் பட்டாசு தீரலயாட்ட இருக்குது" என்று எதிர் வரிசையில் இருந்த கோகிலவாணியைப் பார்த்துச் சொன்னான். சீனியர் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் இரண்டாவது வெடி கேட்டது, வராந்தாவில் கண்ணாடி கொட்டியது, டவாலி "துப்பாக்கி, துப்பாக்கி" என்று கத்திக்கொண்டு ஓடினான், மனுவோடு நின்ற கூட்டம் செருப்புகளை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடியது. வாசல் பக்கத்து மேஜைக்காரர்களும் ஓடிவிட்டார்கள். பின் வரிசைகளில் இருந்த ஆறு பேருக்குத்தான் ஓட வழியில்லை. குனிந்து செருப்பு மாட்டுவதற்கே முனகுகிற அர்த்தநாரி, அத்தனை பெரிய தொந்தியோடு மேஜைக்கடியில் எப்படிப் புகுந்தான் என்பது அவனுக்கே தெரியாது. புகுந்த பிறகு கேட்டது மடக்குக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கேட்கிற சத்தம் அது, வீட்டுக்குக் கிளம்பலாம் என்கிற சத்தம், அதைக் கேட்டதும் பழக்கத்தில் அவன் கை டிபன் கேரியரைத் தேடியது.

கேரியர் மேலே இருந்தது. போனும் மேலேதான் இருந்தது. இரண்டும் மேஜையின் மேல், இவன் மேஜைக்கு அடியில். பன்னிரண்டு மணிக்கு அவன் பெண்டாட்டி போன் பண்ணுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தப்பியதில்லை, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், சர்க்கரை மாத்திரை. போன் அடித்தால் அந்த ஆள் இங்கே வருவான். இப்போது மணி என்ன, பதினொன்று நாற்பதா, நாற்பத்தைந்தா, கடிகாரம் தாசில்தார் அறைக்கு மேலே இருக்கிறது, தாசில்தார் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விட்டார், போனவர் போனவர்தான், புண்ணியவான், அவருக்கென்று மீட்டிங் வாய்க்கிறது. மேஜையின் அடிப்பக்கத் தகரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண் எழுதியிருந்தது, நாற்பத்தேழு. அதற்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ மென்று ஒட்டிய சூயிங்கம், கல்லாகிப் போனது. மூன்று வாரமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறான், அடியில் சூயிங்கம் இருப்பது இன்றுதான் தெரிகிறது. யார் ஒட்டியது. இந்த ஆபீஸில் மேஜைக்கு மேஜை ஒரு எழுத்தும் எண்ணும்தான் பேர், இது இ1 சீட்டு. இவனுக்கு முன்னால் இதில் இருந்தவர் வெற்றிலைக்காரர், சூயிங்கம் மெல்ல மாட்டார். அவருக்கு முன்னால் யார் என்று யோசித்தான். உயிர் போகிற நேரத்தில் மனிதன் கடவுளை நினைப்பான், பிள்ளைகளை நினைப்பான் என்று சொல்கிறார்கள், அர்த்தநாரி நினைத்தது இ1 சீட்டின் பழைய ஆட்களை, ஒவ்வொருவராக, பின்னோக்கி, பற்களோடு. இடது கால் மரத்துவிட்டது. அசைந்தால் தகரம் சத்தம் போடும் என்று அசையாமல் இருந்தான். தரையோடு தரையாகப் பார்த்தால் மேஜைக்கால்கள், ஒயர்கள், யாருடையதோ கழன்ற செருப்பு, அதற்கப்பால் எதிர் வரிசை மேஜைக்கடியில் இரண்டு கண்கள். கோகிலவாணி.

"யாரும் பயப்பட வேண்டாமுங்க" என்றது ஒரு குரல். "நானு மத்தவங்கள ஒண்ணுஞ் செய்ய வரலைங்க. இதுல ஆ2 யாருங்க? அவரு மட்டும் எந்திரிச்சு வந்தாப் போதும்."

அந்தக் குரலை அர்த்தநாரிக்குத் தெரியும். முகம் பார்த்துப் பேசியதில்லை, ஆனால் நாலு வருஷமாக ஜன்னல் வழியாகக் கேட்ட குரல். வையாபுரி. பழைய பட்டாளத்து டிரைவர், மலையடிவாரத்தில் தோட்டம், காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி. அவருடைய தோட்டத்து நடுவில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, ஒரு மின்கோபுரத்தை நட்டுவிட்டுப் போனார்கள். நட்டவர்கள் வேறு ஆபீஸ், அளந்தவர்கள் வேறு ஆபீஸ், தாலுகா ஆபீஸ் அதில் வெறும் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. மற்றவர்கள் என்றால் கோர்ட்டுக்குப் போவார்கள், கட்சிக்காரன் காலில் விழுவார்கள், கடைசியில் வாயை மூடிக்கொள்வார்கள். இந்த ஆள் மூடவில்லை. இந்த அரசாங்கமே எனக்குச் செல்லாது என்று எழுதினார். என் தோட்டத்தை உங்கள் எல்லையிலிருந்து நீக்கிவிட்டேன், இன்ன தேதி முதல் நான் உங்கள் குடிமகன் இல்லை, இத்துடன் என் ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, ஆதார் கார்டு மூன்றையும் திருப்பி அனுப்புகிறேன், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும். பதிவுத் தபால். தோட்டத்து வாசலில் போர்டு வேறு வைத்திருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் வந்து சொன்னார், 'அரசு ஊழியர்கள் அனுமதியின்றி எல்லை தாண்டக் கூடாது' என்று. ஓட்டுக் கேட்டுப் போனவர்களைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டினாராம். போகப்போக மனுவில் வேறு பேச்சும் வந்தது, சம்பளம் வாங்குகிற ஒவ்வொருத்தனும் அந்நியப் படை, நாற்காலியில் உட்கார்ந்தவன் எவனானாலும் எதிரிச் சிப்பாய் என்று. அந்தத் தபால்கள் எல்லாம் வந்து விழுந்தது ஆ2 சீட்டில். அப்போது அந்தச் சீட்டில் இருந்தவன் அர்த்தநாரி.

அதை அவன் மேல் அதிகாரிக்கு அனுப்பியிருக்கலாம். போலீஸுக்கு ஒரு கடிதம் போட்டுத் துப்பாக்கி லைசென்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏனுங்க பெரியவரே, என்று கேட்டிருக்கலாம். அவன் செய்தது, பதினொன்றரை மணி டீ வந்தபோது நாற்காலியில் ஏறி நின்று மனுவை வாசித்துக் காட்டியது. ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவன் பேச்சுக்கு யாரும் சிரிப்பதில்லை, வீட்டில் அவன் மாத்திரை போட வேண்டிய ஆள். அதனால் அடுத்த நாள் டீக்கு ஒரு பதிலும் தயார் பண்ணினான். 'தாங்கள் இவ்வரசின் குடிமகன் அல்ல என்பதை உறுதி செய்யும் பொருட்டு, இவ்வட்டாட்சியரால் வழங்கப்பட்ட இருப்பிடச் சான்று மற்றும் அசல் குடும்ப அட்டையை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' தலைமை உதவியாளருக்குப் புரையேறி டீ மூக்கில் வந்தது. அத்தோடு கிழித்துப் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. நூறு கடிதங்களுக்கு நடுவில் அதையும் சொருகித் தாசில்தார் மேஜைக்கு அனுப்பினான், அவர் எதைப் படித்தார், வரிசையாகக் கையெழுத்துப் போட்டார், கடிதம் போய்ச் சேர்ந்தது. வையாபுரி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பட்டாளத்தில் இருந்தவர், உத்தரவு என்றால் உத்தரவு. குடிமகன் இல்லை என்று ஆவதற்கு இதுதான் முறை போலிருக்கிறது என்று நம்பி, சான்று கேட்டு அதே ஆபீஸுக்கு நடந்தார். சான்றுக்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டோ அவரே அனுப்பிவிட்டார். அது ஆ2 மேஜையின் இழுப்பறையில், மற்ற இரண்டு கார்டுகளோடு ரப்பர் பேண்ட் போட்டு, அர்த்தநாரியின் நகவெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஜன்னலில் நின்று ஆ2 இருக்காருங்களா என்று கேட்பார். அர்த்தநாரி உள்ளேயிருந்து கையை ஆட்டுவான். தபால் பிரிவில் இருந்து பதில் போகும், அவரு கேம்ப்ங்க. இல்லாவிட்டால், உங்க ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்குதுங்க. கையெழுத்துக்குப் போயிருக்குது, கையெழுத்துக்குப் போயிருக்குது. நாலு வருஷம் ஒரு ஃபைல் கையெழுத்துக்குப் போகுமா என்று கேட்கவே தெரியாமல், சரிங்க என்று திரும்பிப் போவார். அவர் போன பிறகும் ஒரு சிரிப்பு இருக்கும்.

"கேக்குதுங்களா? ஆ2 யாருங்க?" பூட்ஸ் சத்தம் நடுவழியில் நடந்து வந்தது. அவசரமே இல்லை. யாரையோ பார்க்க ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை எண் தேடுகிறவர் நடப்பதைப் போல இருந்தது அந்த நடை. மேஜை மேல் சின்ன மரப்பலகைகள் உண்டு, சீட்டின் எழுத்தும் எண்ணும் போட்டவை. அ1, அ2, ஆ1 என்று படித்துக்கொண்டுதான் வருகிறான் கடங்காரன். போன மாதம் வரை தேர்தல் நடத்தை விதி. விதி அமலில் இருந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஆபீஸிலும் யாரையும் சீட்டு மாற்றக் கூடாது. விதி தளர்ந்த அதே வாரத்தில் வையாபுரிக்கு ஸ்டேஷனில் ரசீதைக் காட்டியதும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள், அர்த்தநாரிக்கு இ1 சீட்டைக் கொடுத்தார்கள். ஆள்தான் மாறும், மேஜை மாறாது, பலகை மாறாது. ஆ2 பலகை எதிர் வரிசையில் இருக்கிறது, இப்போது அந்தச் சீட்டுக்கு வந்திருக்கிற கோகிலவாணியின் தலைக்கு மேலே. அர்த்தநாரிக்கு அது புரிந்த நொடியில் வந்தது பயமில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது நிம்மதி.

கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது, பரீட்சை எழுதி வந்தவள், அப்பா இல்லை, அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட். சேர்ந்த முதல் நாள் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தாள், இவன் நாலு வருஷம் துடைக்காததை. வேலை சொல்லிக் கொடுத்தது இவன்தான். பாப்பா, இங்க உனக்குப் பேரு கெடையாது, ஆரு வந்து ஆ2 ன்னு கேட்டாலும் டக்குனு எந்திரிச்சு நாந்தான்னு சொல்லோணும், சீட்டுதான் நீ, என்று சொன்னான். தலையாட்டினாள். போன வாரம் இழுப்பறையில் கார்டுகளைக் கண்டுபிடித்துவிட்டு, ஏனுங்க சார் இவரோட கார்டெல்லாம் இங்கயே இருக்குது என்று கேட்டாள். அதக் கட்டி மேல போடு பாப்பா, லூசுக் கேஸு, என்றான். அவள் கட்டிப் போடவில்லை. நாலு வருஷத்து மனுக்களையும் உட்கார்ந்து படித்திருக்கிறாள், படித்துவிட்டு ஒரு பதிலை டைப் அடித்து இன்று காலை பத்தரைக்கு இவனிடம் கொண்டு வந்தாள். ஒரு தடவை பாத்துக் குடுங்க சார், தப்பிருந்தாச் சொல்லுங்க. பார்த்தான். 'தங்களுக்கு முன்னர் அனுப்பப்பட்ட கடிதம் தவறானது. அதற்காக இவ்வலுவலகம் வருந்துகிறது. தங்கள் அட்டைகள் மூன்றும் பத்திரமாக உள்ளன. கோபுரம் குறித்த தங்கள் குறையைக் கேட்க, தாங்கள் விரும்பும் நாளில் நாங்களே தோட்டத்துக்கு வருகிறோம். தங்கள் அனுமதியுடன்.' தங்கள் அனுமதியுடன்! கவர்மென்டு வருத்தப்படாது பாப்பா, என்று அவளிடம் சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பதினொன்றரை டீக்கு வாசிக்கலாம் என்று. இன்று பார்த்து டீக்காரன் லேட். அந்தக் காகிதம் இப்போது அவன் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில் மடங்கி, மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது.

அவள் கண்ணில் இருந்தது கேள்வி. நீங்கதானே சார்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? மேஜைகளுக்கு அடியில் இருந்த மற்ற நாலு பேருக்கும் தெரியும், நாலு பேரும் அந்த டீயைக் குடித்தவர்கள்தான். அர்த்தநாரி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இடமும் வலமுமாக, மெதுவாக, வேண்டாம் என்று. சொல்லாதே என்று. அதற்கு வேறு அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம், நீ எழுந்திருக்காதே, அப்படியே இரு என்று, பின்னால் பல ராத்திரிகள் அந்த அர்த்தத்தைத்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த நொடியில் தலை எதற்காக ஆடியது என்று அந்தத் தலைக்குத் தெரியும்.

"பலகை இங்கதான இருக்குது" என்றார் வையாபுரி. பூட்ஸ் நின்றது.

"நான்தாங்க ஆ2" என்று கோகிலவாணி எழுந்தாள்.

இப்போது அவனுக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும். நீலப் பட்டை வைத்த செருப்பு, வலது கால் விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்ப்பதைப் போலச் சுருங்கிச் சுருங்கி விரிந்தன. அவளுக்கு எதிரே பட்டாளத்து பூட்ஸ், பாலிஷ் போட்டது. காலையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டிருக்கிறான்.

"நீயா அம்மிணி?" குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "பொம்பளப் புள்ளைன்னு எனக்குத் தெரியாது. நாலு வருசமா என்னைய நடக்க வெச்சது நீயா?"

"இல்லைங்க ஐயா. நான் வந்து மூணு வாரந்தாங்க ஆச்சு."

"முன்னால இருந்தவன்?"

நீலச் செருப்பு லேசாகத் திரும்பியது, இவன் பக்கம். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டான். சூயிங்கம் யாருடையது. நாற்பத்தேழு. நாற்பத்தேழு மேஜைகளா இருக்கின்றன இந்த ஆபீஸில், முப்பதுகூட இருக்காதே, மீதி எல்லாம் எங்கே போயின, யார் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மாத்தலாயிட்டாருங்க. எந்த ஊருன்னு தெரியலைங்க."

"போகட்டும். ஆளச் சொல்லி என்ன பண்றது. இங்க ஆளே கெடையாது அம்மிணி, சீட்டு மட்டுந்தான். எனக்கு அது வெளங்கறதுக்கு நாலு வருசமாச்சு." இவன் சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்த ஆளும் எங்கேயோ உட்கார்ந்து தானாகவே படித்திருக்கிறான். "சீட்டுல ஆரு இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"ஐயா, நான் உங்க மனுவெல்லாம் முழுசாப் படிச்சனுங்க. அந்தக் கடுதாசி தப்புங்க. அது அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்களுக்கு வேற பதிலு எழுதிட்டேன் ஐயா, இன்னிக்குத்தான் எழுதுனேன், கார்டெல்லாங்கூட இருக்குதுங்க, நாங்களே தோட்டத்துக்கு வர்றம்னு எழுதியிருக்கேன்."

வையாபுரி மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது, வயதான குரலாக இருந்தது. "எங்கே. குடு, படிச்சுப் பாக்கறேன்."

குடு. அவ்வளவுதான். அர்த்தநாரியின் கை சட்டைப்பைக்குப் போனது, போகவில்லை என்று சொல்ல முடியாது, இரண்டு விரல்கள் காகிதத்தைத் தொட்டன. நீட்டினால் போதும். எழுந்துகூட நிற்க வேண்டாம், மேஜைக்கடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, இதோ இருக்குதுங்க என்று சொன்னால் போதும். ஆனால் கை வந்தால் கைக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்று வரும். நீ யாருய்யா, இது எப்படி உங்கிட்ட என்று வரும். ஜன்னலில் நின்றபோது உள்ளேயிருந்த தன் குரலை அந்த ஆள் கேட்டிருப்பானோ, சிரிப்பை நிச்சயம் கேட்டிருப்பான். மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறது. இவளுக்கு யார் இருக்கிறார்கள், ஒரு அம்மா. ஒரு அம்மாவும் மில் ஷிப்டும் ஒரு தட்டில், தன் பெண்டாட்டி, மகள், வரப்போகிற மாப்பிள்ளை, சர்க்கரை மாத்திரை எல்லாம் இன்னொரு தட்டில் என்று வைத்துப் பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான், இரண்டு விரல்களும் காகிதத்தின் மேல் இருக்க. நீலச் செருப்பு திரும்பி நின்றது. அவள் கொஞ்சம் குனிந்திருக்க வேண்டும், பின்னல் தெரிந்தது, பிறகு முகம், தலைகீழாக, ஒரே ஒரு நொடி. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நேற்றுச் சந்தேகம் கேட்டபோது பார்த்தாளே, என்ன சார் பண்றது என்று, அதே முகம். அர்த்தநாரி மறுபடியும் தலையை ஆட்டினான்.

அவள் நிமிர்ந்தாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. வந்து மூன்று வாரம்தான், இந்த மாதிரி நேரத்தில் சொல்ல அவள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்தான். அதையும் இவனிடமிருந்துதான் கற்றாள்.

"அது... கையெழுத்துக்குப் போயிருக்குதுங்க ஐயா."

"ஓ" என்றார் வையாபுரி. ஏதோ வலி நின்ற மாதிரி அப்படி ஒரு நிதானம். "நல்ல வார்த்தை பேசுனதும் நானு ஒரு நிமிசம் நம்பிட்டேன் பாரு அம்மிணி."

சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அர்த்தநாரி நினைக்கவில்லை. தகரம் அதிர்ந்து தலையில் இடித்தது. மேலே ஒரு கட்டு சரிந்து காகிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின, சாவகாசமாக, விசிறிக் காற்றில் திரும்பித் திரும்பி. நீலச் செருப்பில் ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது, கால் அதில் இல்லை. அவள் விழுந்தபோது முகம் நல்லவேளையாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நல்லவேளை. நினைத்தது அவன்தான், வேறு யாருமில்லை. முதலில் வந்தது அழுகையில்லை, நடுக்கமில்லை, முடிந்தது என்கிற எண்ணம். ஆ2 வைச் சுட்டாயிற்று. இனி இந்த ஆள் யாரையும் கேட்க மாட்டான். ஒரு கை தரையில் ஏதோ தேடுகிற மாதிரி இரண்டு தடவை அசைந்தது, பிறகு அசையவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே அவனுக்குப் பசித்தது. வெட்கங்கெட்ட வயிறு, நேரமானால் கேட்கும். இன்னும் போன் பண்ணவில்லையே என்று பெண்டாட்டி மேல் கோபம் வந்தது. பன்னிரண்டு தாண்டியிருக்கும், ஒரு நாளும் தப்பாதவள், இன்றைக்கு என்ன கேடு வந்தது, புருஷன் செத்தானா இருக்கிறானா என்றுகூடக் கேட்க மாட்டாளா. அப்படி ஒரு கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான், கோகிலவாணிக்காக இல்லை, பெண்டாட்டி போன் பண்ணாததற்காக.

வையாபுரி அதன் பிறகு யாரையும் சுடவில்லை. பலகையை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். தபால் மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெளியே ஜீப்புகள் வந்து, மைக்கில் பேசி, கடைசியில் நாலு போலீஸ்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது துப்பாக்கி மேஜை மேல் இருந்தது, அதன் மேல் லைசென்ஸ் புத்தகம். "பதிவு பண்ணிக்கிட்டு ஒப்புகை குடுங்க" என்றார் அவர்களிடம். "நானு எதக் குடுத்தாலும் ஒப்புகை இல்லாமக் குடுக்கறதில்லைங்க." ஒரு போலீஸ்காரர் அவர் கன்னத்தில் அறைந்தார். அதற்கும் ஏதாவது காகிதம் தருவார்களா என்பதைப் போல அவர் அடித்தவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குத் தாசில்தார் வந்தார். அதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். தரையை யாரும் இன்னும் கழுவவில்லை, படம் எடுக்க வேண்டும் என்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது, கயிற்றுக்குள் நீலச் செருப்பு. தாசில்தார் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் அறைக்குள் போய் ஐந்து பேரையும் கூப்பிட்டார். கலெக்டர் நாலு மணிக்குள் ஃபைலைக் கேட்கிறார் என்றார். நாலு வருஷம் அந்த ஆளுக்கு ஒழுங்காகப் பதிலே போடவில்லை என்று பேப்பரில் வந்தால் மொத்தப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். "அர்த்தநாரி, உங்களுக்குத்தான் அந்த சீட்டு அத்துப்படி. இன்னியிலிருந்து ஆ2 வையும் நீங்களே கூடுதல் பொறுப்பாப் பாத்துக்குங்க. ஆர்டர் அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல ஃபைல எடுங்க."

கயிற்றைத் தாண்டாமல் கையை எட்டிப் போட்டு எடுத்தான். ஃபைலின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று புரட்டினான், இருப்பிடச் சான்று கேட்ட அந்தப் பழைய கடிதத்தின் அலுவலக நகல் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. அதை உருவி மடித்தான். சட்டைப்பையிலிருந்து மற்றதை எடுத்தான், வியர்வையில் கொஞ்சம் கசங்கியிருந்ததை உள்ளங்கையால் நீவிவிட்டு அந்த இடத்தில் வைத்தான். பழையது பைக்குள் போனது. எல்லாம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சும்மா இல்லை.

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் தடவையாக ஒரு கடிதத்தை முழுசாகப் படித்தார். வருந்துகிறது என்ற இடத்தில் நின்றார், தங்கள் அனுமதியுடன் என்ற இடத்தில் மறுபடி நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இதுக்கு மேல ஒரு ஆபீஸு என்னய்யா எழுத முடியும்? இதப் பாத்தா கலெக்டர் நம்மள ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு" என்றார். பேனாவை எடுத்து முந்தாநாள் தேதியைப் போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். பிறகு ஐந்து பேரையும் நிமிர்ந்து பார்த்தார். "பேரு கேப்பாங்க. யாரு எழுதுனது?"

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே இ1 மேஜை மேல் அவன் போன் அடிக்கத் தொடங்கியது, இப்போதுதான் பெண்டாட்டிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அர்த்தநாரி அதை அடிக்க விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.

"நான்தாங்க ஆ2" என்றான்.